சுத்தமாக இருந்த மணல்

மேனேஜர் என்பது பூனையின் பெயர். யாராவது வேலை செய்தால் பக்கத்தில் வந்து உட்காரும். கடைசி வரைக்கும் பார்க்கும். வேலை முடிந்ததும் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் வீட்டுக்காரி வைத்த பெயர் அது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைநீர்க் குழாய் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டு கத்திய குட்டியை, குழாயை அறுத்து வெளியே எடுத்தவன் அவள் கணவன். அவன் பிளம்பர். வெளியே எடுத்தது அவன்தான் என்றாலும், துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, சொட்டு மருந்துக் குப்பியில் பால் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து அதை ஒரு பூனையாக்கியது அவள். ஆகவே பூனை அவளுடையது. இதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பூனைக்கும்தான்.

அவளுடைய அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பத்து நாள் துணைக்கு இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். கிளம்பும் முன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினாள். பன்னிரண்டு வரிகள். எந்தத் தட்டில் தண்ணீர், எத்தனை பிடி தீனி, வலது காதுக்குப் பின்னால் சொறிந்தால்தான் பிடிக்கும், இடது காதைத் தொட்டால் கடிக்கும் என்பது வரை எல்லாம் இருந்தது. ஏழாவது வரி: "மணல் தட்டு, காலையில் நீங்கள், மதியம் தம்பி."

தம்பி என்பது அவளுடைய தம்பி. முப்பது வயது, பஸ் டிரைவர். அதிகாலை வண்டி எடுக்கப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவான். பிளம்பர் எட்டு மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு வருவான். ஒரே வீட்டில் இருந்தாலும் மாமாவும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்ப்பது இரவுச் சாப்பாட்டின்போதுதான். மணல் தட்டுக்கு முன்னால் அவர்கள் சந்தித்ததே இல்லை.

அந்த மணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூனை கழிப்பதற்காகச் சமையலறையில் வைத்த தட்டில் பரப்புவது அது, சாதாரண மணல் இல்லை. ஒருவகைக் களிமண்ணை உலர்த்தி உடைத்த துகள். ஈரம் பட்ட இடத்தில் மட்டும் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகிக் கட்டியாகிவிடும். மற்ற மணல் காய்ந்தபடியே இருக்கும். பூனை ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் ஒரு கட்டி. ஓட்டைக் கரண்டியால் சலித்தால் மணல் கீழே விழும், கட்டி மேலே நிற்கும். எடுத்துப் பையில் போட்டால் தீர்ந்தது வேலை. நல்ல கண்டுபிடிப்பு. அதில் ஒரே ஒரு குறை. சுத்தம் செய்த தட்டும், பூனை பயன்படுத்தவே இல்லாத தட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

முதல் நாளே சண்டை வந்தது. செவ்வாய் மதியம் டிரைவர் அலுப்பில் தூங்கிப்போய்விட்டான். ஆறு மணிக்கு வந்த பிளம்பர் தட்டைப் பார்த்தான், தானே சுத்தம் செய்தான், அதோடு நிறுத்தாமல் மனைவிக்கு ஃபோன் போட்டும் சொன்னான்.

"உன் தம்பி முறையையும் நான்தான் பாத்தேன். துரை தூங்கறார்."

இரவுச் சாப்பாட்டில் மச்சினன் முறைத்தான். "ஏன் மாமா, இதெல்லாம் போய் அக்காகிட்ட போட்டுக் குடுக்கணுமா? நாளைலேர்ந்து பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன். சொன்ன வாக்கைக் காப்பாத்து மாப்ள, அது போதும்."

புதனும் வியாழன் காலையும் கட்டிகள் இருந்தன, எடுக்கப்பட்டன. வியாழன் மதியம் டிரைவர் கரண்டியோடு வந்து பார்த்தபோது மணல் சமமாகக் கிடந்தது. ஓரத்தில் பட்டாணி அளவுக்கு இரண்டு மூன்று ஈரத் துணுக்குகள் மட்டும். கரண்டியில் நிற்கவில்லை, உதிர்ந்துவிட்டன. 'மாமா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் என் பங்கையும் பண்ணிட்டுப் போயிருக்கார். இதை வேற அக்காகிட்ட சொல்வார்' என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியை வைத்தான்.

வெள்ளி காலை பிளம்பர் பார்த்தான். மணல் சமமாகக் கிடந்தது. 'பய ரோஷக்காரன்தான். நாலு மணிக்கு வண்டிக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டான்' என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கிளம்பினான். வெள்ளி மதியமும் அப்படியே. தோற்றதாக யார் முதலில் ஒப்புக்கொள்வது? இருவரும் பேச்செடுக்கவில்லை.

மேனேஜரிடம் மாற்றம் தெரியாமல் இல்லை. வெள்ளி மாலை பிளம்பர் டீ போட்டுக்கொண்டிருந்தபோது அது மூன்று தடவை தட்டுக்குள் ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் குந்தி உட்கார்ந்து, முதுகை வளைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு வெளியே வந்து பின்னங்கால்களுக்கு நடுவில் நக்கிக்கொண்டது. தீனியை முகர்ந்துவிட்டு விலகிப் போனது.

"மலச்சிக்கல் போல. புதுத் தீனி ஒத்துக்கல" என்றான் பிளம்பர்.

"விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் குடுப்போமா?" என்றான் மச்சினன்.

"நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் வந்தது. "மேனேஜர் எப்படி இருக்கான்?"

"ஜம்முன்னு இருக்கான். கொஞ்சம் சோம்பல், அவ்ளோதான். நீ இல்லாத ஏக்கம்."

"மணல்?"

"பளிச்சுன்னு இருக்கு. வந்து பாரு, நீயே அசந்துபோவ."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சனிக்கிழமை டிரைவருக்கு வார விடுமுறை. காலை எட்டு மணிக்கு, பிளம்பர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கையில், சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மியாவ் இல்லை. அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வரும் முனகல். மேனேஜர் குளிர்ந்த தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. அருகில் வெள்ளை நுரையாக வாந்தி. தூக்கப்போன பிளம்பரின் கையில் நகம் பதிந்தது. மூன்று வருடத்தில் ஒருநாளும் அது அவனைக் கீறியதில்லை.

"மாமா, ஆஸ்பத்திரி எப்ப திறப்பாங்க?"

"எட்டுக்கே திறந்திருப்பாங்க. ஃபோன் பண்ணி மருந்து பேரு கேட்டு வாங்கிக் குடு. நான் வேலைக்குப் போற இடத்துல மாடித் தண்ணித் தொட்டி காஞ்சு கிடக்கு, நாலு வீட்டுக்காரங்க திட்டிட்டிருப்பாங்க."

டிரைவர் விலங்கு மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் எடுத்தாள்.

"பூனைக்கு மலச்சிக்கலுங்க. என்ன மருந்து குடுக்கலாம்?"

"ஆண் பூனையா, பெண் பூனையா?"

"ஆண்."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

"அதெல்லாம் போகுதுங்க. தட்டு தினம் சுத்தம் பண்றோம்."

"அது இல்ல சார் நான் கேட்டது. ஈரக் கட்டியை நீங்க கண்ணால பாத்தது எப்ப?"

டிரைவர் பிளம்பரைப் பார்த்தான். பிளம்பர் வாசற்படியில் நின்றபடி, "நேத்து மதியம் நீ எடுத்தியே?" என்றான்.

"நான் எங்க எடுத்தேன்? நீங்கதானே எடுத்து வச்சிட்டுப் போனீங்க?"

"நான் எப்படா மதியத்துல வீட்டுக்கு வந்தேன்? நேத்து காலைல? நாலு மணிக்கு எடுக்கல நீ?"

"நாலு மணிக்கு நான் பாதித் தூக்கத்துல கிளம்பறவன் மாமா, தட்டுப் பக்கமே போறதில்ல."

தோளிலிருந்த பை கீழே இறங்கியது. பிளம்பர் நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கட்டிகள் போடும் பையைப் பிரித்துப் பார்த்தான். வியாழன் காலை அவன் போட்ட இரண்டு கட்டிகள் மேலாகக் கிடந்தன. அவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"வியாழக்கிழமை காலைல" என்றான், ஃபோனை நோக்கி.

அந்தப் பெண் அவசரப்படவில்லை, ஆனால் வேகமாகச் சொன்னாள். "சார், இது மலச்சிக்கல் இல்ல. மூத்திரம் அடைச்சிருக்கு. ஆண் பூனைக்குக் குழாய் ரொம்பச் சின்னது, சட்டுனு அடைச்சுக்கும். எண்ணெய், மருந்து எதுவும் குடுக்காதீங்க. முக்கியமா வயித்தை அமுக்கிப் பாக்காதீங்க, உள்ள வெடிச்சிடும். ஒரு பெட்டியில துண்டு விரிச்சுப் படுக்க வச்சு, இப்பவே கிளம்பி வாங்க. சாயங்காலம்னு நினைக்காதீங்க."

வயிற்றை நோக்கி நீண்டிருந்த பிளம்பரின் கை பாதியில் நின்றது. எங்கே அடைப்பு என்றாலும் முதலில் அழுத்திப் பார்ப்பது இருபது வருடப் பழக்கம்.

குழாய்ச் சாமான் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் காலி செய்தார்கள். பிளம்பரின் வேனை மச்சினன் ஓட்டினான். பின்னால் குழாய்கள் கடகடவென்று ஆடின.

"வேகமாப் போடா."

"வேகமாத்தான் போறேன். குலுக்காம போகணும்னுதானே பாக்கறேன்? எழுபது பேரை நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போறவன் நான். நீங்க பெட்டியப் பிடிங்க."

மடியில் பெட்டி. துண்டுக்குள்ளிருந்து முனகல் வந்துகொண்டிருந்தவரை பிளம்பரால் அதைத் தாங்க முடியவில்லை. கடைசி சிக்னலுக்கு முன்னால் முனகல் நின்றது. அது நின்றதை இன்னும் தாங்க முடியவில்லை.

மருத்துவர் ஒரு பெண்மணி. நரைத்த முடி, குட்டையாக வெட்டிய நகங்கள். இரண்டு விரல்களால் மேனேஜரின் அடிவயிற்றை மெல்லத் தொட்டார். அமுக்கவில்லை, பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போலச் சும்மா வைத்தார். "கல்லு மாதிரி இருக்கு" என்றார். உதவியாளர் ஒருவர் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து ஊசி ஏற்றினார். இன்னொருவர் மார்பில் கம்பிகளைப் பொருத்தினார். திரையில் இதயத்தின் கோடு ஓடியது. ஓடியது என்று சொல்ல முடியாது, நடந்தது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் பிளம்பருக்கு மூச்சு விட்டு இழுக்க நேரம் இருந்தது.

"அடைச்சது கீழ. மேல இதயம் ஏன் இப்படிப் போகுது டாக்டர்?"

அவர் கைவேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார். "ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. மிஞ்சறதை உடம்பு மூத்திரத்தோட வெளிய தள்ளிடும். வழி அடைஞ்சா அது ரத்தத்துலயே தங்கிடும். அளவு கூடினா இதயத்தோட துடிப்பை மெதுவாக்கும். அப்புறம் நிறுத்திடும்."

"தொட்டின்னா நாங்க மேல ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் வைப்போம். நிறைஞ்சா அது வழியா வழிஞ்சிடும். இவனுக்கு அப்படி ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார். இவனுக்கு ரத்தத்துலதான் வழியுது."

பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டான். அடைப்பின் பின்னால் அழுத்தம் எப்படி ஏறும், எங்கே முட்டும், எந்த மூட்டு முதலில் கசியும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் அவன். வெள்ளி மாலை மூன்று தடவை அந்தப் பூனை அவன் கண்ணெதிரே குந்தியிருந்தது. அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல இதயத்தைக் காப்பாத்த ஒரு மருந்து ஏத்தறேன்" என்றார் மருத்துவர். "அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள மயக்கம் குடுத்து அடைப்பை எடுக்கணும். மயக்கத்துலயே இதயம் நின்னுடற ஆபத்து இருக்கு. எடுக்கலைன்னா இன்னிக்கு ராத்திரி தாண்டாது. இந்தத் தாள்ல கையெழுத்து வேணும். பூனை உங்களோடதுதானே?"

பேனா தாளுக்கு மேலே நின்றது. "என் மனைவியோடது."

"அஞ்சு நிமிஷம் இருக்கு. பேசிடுங்க."

வராந்தாவில் மச்சினன் கையை நீட்டினான். "குடுங்க மாமா, நான் பேசறேன். என்னைத் திட்டினா அவளுக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம்."

"வேணாம். பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னது நான்தானே."

அவள் எடுத்ததும், "மேனேஜர் எழுந்தாச்சா?" என்றாள்.

அவன் சொன்னான். எதையும் விடவில்லை. யாருமே சுத்தம் செய்யாததால்தான் மணல் சுத்தமாக இருந்தது என்றான். திரையில் கோடு எப்படிப் போகிறது என்றான்.

"கட்டி எத்தனைன்னு எண்ணலையா நீங்க?"

"எண்ணணுமா?"

"நான் தினமும் எண்ணுவேன். காலைல ரெண்டு, மதியத்துக்கு மேல ஒண்ணு. ஒண்ணு குறைஞ்சா தண்ணித் தட்டைப் பாப்பேன்..." அவள் நிறுத்தினாள். "அதை நான் எழுதவே இல்ல. காது சொறியறது வரைக்கும் எழுதினேன், இதை எழுதல. எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்."

"உன் மேல தப்பில்ல. கண்ணு முன்னாடி இருந்ததைப் பாக்காதவன் நான்."

"யார் மேல தப்புன்னு நான் வந்து பொறுமையாத் திட்டறேன். இப்பக் கையெழுத்து போடுங்க. போடறதுக்கு முன்னாடி ஃபோனை அவன் காதுகிட்ட வைங்க. வலது காது."

பிளம்பர் உள்ளே போய் வைத்தான். அவள் என்ன சொன்னாள் என்று அவன் கேட்க முயலவில்லை. வலது காதின் நுனி மட்டும், ஈ உட்கார்ந்ததைப் போல, ஒருமுறை அசைந்தது. அவன் கையெழுத்துப் போட்டான்.

நாற்பது நிமிடம். வரவேற்பு மேஜைப் பெண் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். கூண்டில் கிளியோடு காத்திருந்த ஒருவர், "என்ன, பூனையா?" என்று கேட்டு, பதில் வராததைப் பார்த்துக் கிளியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். மச்சினன் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான்.

"வியாழக்கிழமை பட்டாணி மாதிரி ரெண்டு துணுக்கு பாத்தேன் மாமா. உதிர்த்து விட்டுட்டேன். அப்பவே அவன் சொட்டுச் சொட்டாத்தான் போயிருக்கான், இல்ல?"

பிளம்பர் அவன் முழங்காலில் கைவைத்தான். "விடு மாப்ள. நான் உன்னைப் போட்டுக் குடுக்காம இருந்திருந்தா, நீ என்கிட்ட வாயைத் திறந்து கேட்டிருப்ப."

கதவு திறந்தது. மருத்துவர் கையில் சிறிய கண்ணாடிக் குப்பி. முகத்தைப் பார்த்தே இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"இருக்கான். கோடு இப்ப ஓடுது."

மச்சினன் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மருத்துவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி. "இவ்ளோதான். மூத்திரத்துல இருக்கற உப்புப் படிகம் கொஞ்சம் சளியோட சேர்ந்து, நுனியில தக்கை மாதிரி உக்காந்துடுச்சு."

பிளம்பர் குப்பியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தான். துகள்கள் மெதுவாக உருண்டன. தட்டில் இருக்கும் மணலைப் போலவே இருந்தது, அதைவிடப் பொடியாக.

"நாங்கன்னா ஸ்பிரிங் கம்பி விட்டுக் குத்தி இழுப்போம்."

"இங்க குத்தினா கிழிஞ்சிடும். மெல்லிசு டியூபை நுனியில வச்சு, உப்புத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பாய்ச்சி, தக்கையை வந்த வழியிலயே மூத்திரப் பைக்குள்ள தள்ளிடுவோம். அப்புறம் டியூப் உள்ள போகும், அது வழியா எல்லாம் கரைஞ்சு வெளிய வந்துடும். உங்க குழாய்னா கெட்டா மாத்தலாம். எனக்கு மாத்தறதுக்குக் கடையில கிடைக்காதே."

"எங்க தொழில்லயும் முதல்ல தண்ணியாலதான் முயற்சி பண்ணணும்" என்றான் பிளம்பர். "அவசரத்துல பண்றதில்ல."

அன்று முழுக்க மாடித் தொட்டி காய்ந்தே கிடந்தது. நாலு வீட்டுக்காரர்களும் திட்டினார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் டியூபோடு இருந்தது மேனேஜர். டியூபை எடுத்த பிறகும் உடனே விடவில்லை. தானாகச் சிறுநீர் கழித்தால்தான் வீடு என்றார் மருத்துவர். செவ்வாய்க்கிழமை கழித்தது. ஈரத் தீனிதான் கொடுக்க வேண்டும், தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும், முதல் சில வாரங்களில் மறுபடி அடைக்கக்கூடும், தட்டில் வெறுமனே குந்தினால் மணி பார்க்காமல் கிளம்பி வர வேண்டும். பிளம்பர் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினான். வரவேற்பு மேஜைப் பெண் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று மேனேஜர் தட்டுக்குள் ஏறியதும் இரண்டு ஆண்களும் சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்தார்கள். அது மணலைத் தோண்டியது. இவர்களைப் பார்த்தது. இறங்கிப் போய்விட்டது.

"மூஞ்சிக்கு நேரா உக்காந்தா யாருக்கு மாமா வரும்? தள்ளி வாங்க."

தள்ளிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். பிறகு மணலை மூடும் சர் சர் சத்தம். போய்ப் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு கட்டி. மச்சினன் அதை நான்கு கோணத்தில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். உலகத்தில் யாரும் யாருக்கும் இதை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றான். பதிலுக்கு அவளிடமிருந்து அழுகிற முகம் ஒன்றும், அதன் கீழே 'ஒண்ணு' என்ற சொல்லும் வந்தன.

பத்தாம் நாள் அவள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே மேனேஜரைத் தேடினாள். அது அலமாரி மேலிருந்து, இத்தனை நாள் லீவு எடுத்ததற்கு யாரிடம் அனுமதி வாங்கினாய் என்பதைப் போல அவளைப் பார்த்தது. கீழே இறங்கிக் காலில் உரச ஒரு நிமிடம் ஆனது. வலது காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, அவள் சமையலறைக்குள் போனாள். போனவள் நின்றாள்.

"என்னங்க இது? காலைலேர்ந்து தட்டை யாரும் எடுக்கலையா?"

"மாமா பாத்தாச்சு, நான் பாத்தாச்சு. மூணாவது ஆள் பாக்காம எடுக்கறதில்லைன்னு முடிவு" என்றான் தம்பி.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அதே காகிதம் இருந்தது. அடியில் பிளம்பரின் கோணல் எழுத்தில் பதிமூன்றாவது வரி: "எடுக்கும் முன் எண்ணவும்."

அவள் பையோடு அப்படியே குந்தி உட்கார்ந்தாள். கரண்டியின் நுனியால் மணலை மெல்ல விலக்கினாள்.

"மூணு."

"நல்லாப் பாரு" என்றான் பிளம்பர், அவள் பக்கத்தில் குந்தி. "மூலையில ஒண்ணு இருக்கு. நாலு."